இடக்கைக் கத்தி

நெடுந்தீவில் இடக்கையால் சமைக்கிற பெண்ணுக்கு நல்ல பேர் கிடைப்பது லேசில்லை. என் பக்கத்து வீட்டு இராசமணி அக்காவுக்கும் கிடைக்கவில்லை. கறி எப்படியிருந்தாலும் "இடக்கைக்காரியின்ரை கறி" என்றுதான் ஊர் சொல்லும். அப்படிச் சொன்னவர்கள் எல்லாரும் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

அவருடைய கணவர் பரமலிங்கண்ணை லோஞ்சுப் படகுகளுக்கு மிசின் திருத்துகிறவர். பேச்சு அளந்துதான் வரும். மனைவியின் கையைப் பற்றி யாராவது பகிடி விட்டால் கோபிக்கமாட்டார். பகிடி விட்டவரின் மிசின் மட்டும் ஒரு மாதத்துக்குத் திருந்தாது.

அவர்கள் குசினிக் கூரை வளையில் ஒரு துவக்குக் கத்தி செருகியிருந்தது. துப்பாக்கியின் வாயில் மாட்டிக் குத்துகிற கத்தி, ஒரு முழத்துக்குக் கிட்ட நீளம். அண்ணையின் தகப்பன் மலாயாவில் தொண்டர் படையில் இருந்துவிட்டு, பென்சனோடு ஊர் திரும்பும்போது கொண்டுவந்தது. எண்பத்தாறில் நேவிக்காரரின் சோதனைகள் கூடிய நேரம், இது வீட்டில் இருந்தால் ஆபத்து, கிணற்றில் போடுங்கள் என்று நான்தான் சொன்னேன். நல்ல உருக்கைக் கிணற்றில் போடுகிறவனும் ஒரு மனிசனோ என்று கேட்டுவிட்டு அவர் அரத்தை எடுத்தார்.

அலகை ஒரு சாணுக்கு அறுத்தார். கல்லில் ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீரில் தோய்த்தார். சூடு கண்டால் உருக்கின் பதம் போய்விடுமாம். பதினொரு நாள் எடுத்தது. வீட்டுக் கத்திகளெல்லாம் வலக்கைக்குத் தீட்டித் தேய்ந்தவை, இடக்கையில் பிடித்தால் கோணி ஓடும், முப்பது வருசமாக அக்கா அவற்றோடுதான் மல்லுக்கட்டினார் என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இந்த அலகை அவர் மற்றப் பக்கமாகச் சரித்துத் தீட்டினார்.

பிடிக்கு அளவு வேண்டியிருந்தது. இடியப்பத்துக்குக் குழைத்த மாவில் ஓர் உருண்டையை எடுத்து, இறுக்கிப் பிடிக்கும்படி அக்காவிடம் நீட்டினார். அக்காவுக்கு வெட்கம், கல்வேலிக்கு மேலால் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மாவில் பதிந்த விரல்களைப் பார்த்துப் பார்த்து, பழைய மரப்பிடியை அந்த அளவுக்கு ராவினார். பின்னேரம் வேலை முடிந்ததும் அந்த மாவையும் பிழிந்து அவித்தார்கள். எனக்கும் நாலு இடியப்பம் வந்தது.

ஒன்றில்தான் சண்டை. துவக்கின் வாய் நுழைகிற இரும்பு வளையம் பிடியின் கழுத்தில் அப்படியே இருந்தது. அதைக் கண்டால் தெரிந்தவனுக்கு விளங்கிவிடும், அறுக்கவேண்டும் என்றார் அவர். ஆணியில் கொழுவ வசதி, இருக்கட்டும் என்றார் அக்கா. அக்கா வென்றார்.

எண்பத்தொன்பதில் லண்டனில் இருந்த ஒரே மகளுக்குப் பிள்ளைப்பேறு பார்க்க அக்கா புறப்பட்டார். கத்தியை ஆணியில் கொழுவிவிட்டு, "இஞ்சாருங்கோ, இதை ஆருக்கும் இரவல் குடாதேங்கோ" என்றார். புருசனிடம் நேரில் சொன்ன கடைசி வார்த்தை அதுதான். ஆறு மாதத்தில் வருவதாகத்தான் கதை. பேரப்பிள்ளைக்கு மூச்சிழுக்கிற முட்டு வருத்தம் என்று இன்னும் கொஞ்சநாள் தங்கினார். தொண்ணூறு ஆனியில் திரும்பவும் சண்டை மூண்டது. வந்த வழி அடைபட்டது.

கப்பல் ஓடினால் கடிதம் வரும். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரே கேள்வி: கத்தி எப்படி? அண்ணையின் பதிலும் ஒன்றுதான்: கூர் இருக்கிறது. எங்கள் ஊர்ப் புருசன் பெண்சாதி அதற்கு மேல் எழுதமாட்டார்கள். அவர் வேலியோரம் நின்று அதை எனக்கு வாசித்துக் காட்டுவார்.

அவர் தனியே சமைத்தார். அந்தக் கத்தி வலக்கைக்கு மசியவில்லை. கத்தரிக்காய் ஒரு துண்டு தடிப்பு, அடுத்த துண்டு கடதாசி. பழைய கத்திகளைத் தொடவும் மனமில்லை, இடக்கையைப் பழக்கினார். விரலில் சீலைச் சுற்று இல்லாத நாள் இல்லை. அறுபது வயதில் ஆனா எழுதப் பழகுகிறார் என்று நான் பகிடி பண்ணினேன். ஒரு வருசத்தில் அவர் வெங்காயம் அரிகிற சத்தம் அக்கா அரிகிற சத்தம் மாதிரியே கேட்டது. பிறகு நான் பகிடி பண்ணவில்லை.

தொண்ணூற்றிரண்டு மாசியில் ஒரு காலை நேவிக்காரர் வீடு வீடாகச் சோதிக்க வந்தார்கள். ஆணியில் தொங்கிய வளையத்தை ஒருவன் ஒரே பார்வையில் கண்டுகொண்டான். அண்ணையை முற்றத்தில் இருத்தினார்கள். பக்கத்து வீடு என்று என்னையும். இது மனைவியின் சமையல் கத்தி என்று அவர் சொன்னார். அவர்களில் தமிழ் தெரிந்த பெரியவன் ஒரு வெங்காயத்தைப் போட்டு வெட்டச் சொன்னான். அண்ணை இடக்கையால் அரிந்தார். மயிர் மயிராக விழுந்தது.

"நீங்க இடது கையா?"

"நானில்லை. மனிசி."

மனிசி எங்கே என்று கேட்டான். லண்டன் என்று நான்தான் சொன்னேன். அவன் வெங்காயத்தில் ஒரு துண்டை எடுத்துப் பார்த்தான். எங்களை விட்டுவிட்டான். கத்தியை விடவில்லை.

அடுத்த கடிதத்திலும் அதே கேள்வி இருந்தது. மூன்று கிழமை அண்ணை பதில் எழுதவில்லை. பிறகு, கூர் இருக்கிறது என்றே எழுதிப் போட்டுவிட்டு வேலியடிக்கு வந்து, தன் வீட்டுக் கத்திகள் அக்காவோடு மல்லுக்கட்டினவை, அவை வேண்டாம், எங்கள் வீட்டில் தேய்ந்த கத்தி ஏதும் இருக்கிறதா என்று கேட்டார்.

"அவவுக்குப் பொய் எழுதிப்போட்டன். வாறதுக்கு முன்னம் மெய்யாக்க வேணும்."

என் மனைவி எடுத்துக் கொடுத்த கத்தியை அவர் இடக்கைக்கு மாற்றித் தீட்டினார். மறுபடியும் கல், தண்ணீர். பழைய பிடியைக் கழற்றி எறிந்தார். மாதங்கள் போயும் புதுப்பிடி ஏறவில்லை. உங்கள் கையையே அளவு பார்க்கலாமே என்று கேட்டேன்.

"என்ரை கை பெரிசு. அவவின்ரை அளவை இடியப்பமாய்த் திண்டிட்டமே" என்று சிரித்தார். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

அடுத்த கடிதத்துக்கு ஆங்கிலத்தில் விலாசம் எழுதித் தரச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தார். மடிக்க முதல் கடைசி வரிகள் என் கண்ணில் பட்டன. "கத்தி கூராக இருக்கிறது. பிடி மட்டும் போடவில்லை. அதற்கு உம்முடைய கை வேண்டும்."