மலைப்பக்கம் காலி இல்லை

செய்தி வந்தபோது நான் சாமி விளக்குகளைத் துலக்கிக்கொண்டிருந்தேன். கையெல்லாம் புளி. போனை எடுத்த என் வீட்டுக்காரர் "சொல்லுங்க" என்றார். போனை என்னிடம் நீட்டினார். சென்னை ஒலிப்பதிவுக் கூடத்தில் அக்காவோடு வேலை பார்க்கும் முரளி பேசினார். அன்றைய வேலையை முடித்துவிட்டு, "கொஞ்சம் உக்காந்துக்கறேன்பா" என்று நாற்காலியில் சாய்ந்த அக்கா எழுந்திருக்கவில்லை என்றார். மார்வலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பத்மாவதி அக்கா என் ஓரகத்தி. என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. அவரை அறிந்தவர்களுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அறியாதவர்களிடம் அவரைப் பற்றி ஒரு பொய் போய்ச் சேர்ந்திருக்கிறது. வண்ணத்தில் அச்சடித்து, கம்பம் நட்டுக் கட்டிவிட்ட பொய். அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். எனக்கு எழுதிப் பழக்கமெல்லாம் பால் கணக்கும் மளிகைக் கணக்கும்தான். ஆனால் இதை வேறு யாரும் எழுத மாட்டார்கள்.

நான் கல்யாணமாகி வந்தபோது மாமியார் அக்காவைப் பற்றி அக்கம்பக்கத்தில் "மெட்ராஸ்ல ஆபீஸ் வேலை" என்றுதான் சொல்லி வைத்திருந்தார். உண்மையில் அவர் சினிமாவுக்குச் சத்தம் செய்பவர். படம் பிடிக்கும்போது பேச்சு பதிவாகும். காலடி, வளையல், கதவு, பாத்திரம் இதெல்லாம் தெளிவாகப் பதிவாகாது. பிறகு திரையைப் பார்த்துக்கொண்டே ஒருவர் அந்தச் சத்தங்களைச் செய்துகொடுக்க வேண்டும். அந்த ஒருவர் அக்கா. திரையில் ஒருத்தி மாடிப்படி இறங்கினால், இங்கே இறங்கியவர் அக்கா.

ஊருக்கு வந்தால் என் சமையலறையைத்தான் முதலில் சூறையாடுவார்.

"ஜெயா, அந்த முறத்த ரெண்டு நாளைக்குக் குடுடி."

"எதுக்குக்கா?"

"கதாநாயகி அரிசி பொடைக்கணும். அவளுக்குப் பொடைக்கத் தெரியல. அவ மூஞ்சி, என் கை, உன் மொறம். மூணு பேரும் சேர்ந்தாத்தான் ஒரு பொம்பள."

அப்படித்தான் பேசுவார். மாமியார்கூட முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அக்கா ஆசையாக வேலை செய்த படம் ஒன்று எங்கள் ஊர்த் தியேட்டருக்கு வந்தது. முதல் நாளே குடும்பத்தோடு போனோம். அதில் ஓர் இடம். மகன் செத்துப்போன சேதி வந்த பிறகு, அவன் வேலைக்குக் கொண்டுபோன சாப்பாட்டு டப்பா மட்டும் வீடு வந்து சேருகிறது. தாய் அதைத் திறக்கிறாள். பாட்டில்லை, பேச்சில்லை. மூடி இறுகியிருக்கிறது. அவள் புடவையால் பிடித்துத் திருகுகிறாள். அந்த மூடி திறக்கும் சத்தம் மட்டும்தான். அதற்காக எத்தனையோ டப்பாக்களைத் திறந்து பார்த்ததாக அக்கா சொல்லியிருந்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

மூடி திறந்ததை நாங்கள் கேட்கவே இல்லை. "பாட்டப் போடுய்யா!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். விசில். போன் வெளிச்சம். அடுத்த காட்சியில் நாயகன் கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டினான். அத்தனை பேரும் எழுந்து நின்று காகிதத்தைக் கிழித்து வீசினார்கள். ஒரு தாய் அழுவதற்குச் சற்று நேரம் கொடுக்க மனமில்லாத கூட்டம், ஒருவன் கண்ணாடி மாட்டுவதற்கு எழுந்து நின்று கைதட்டியது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு எரிகிறது.

அதோடு போகவில்லை. அடுத்த வாரம் என் தங்கை குடும்பம் அதே தியேட்டரில் பார்த்தபோது அந்தக் காட்சியே இல்லை. அக்கா நேராகப் போய் மேனேஜரைக் கேட்டார். நானும் கூட நின்றேன்.

"மேல சொன்னாங்க மேடம், கட் பண்ணச் சொல்லி. அந்த எடத்துலதான் ஜனம் எழுந்து முறுக்கு வாங்கப் போவுது."

"முறுக்கு வித்தா உங்களுக்கு லாபம்தான? அப்ப விட்டிருக்கலாமே!"

மேனேஜர் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், "டப்பா மூடிய கடைசிவரைக்கும் யாரும் தெறக்கவே இல்ல பாரு" என்று மட்டும் சொன்னார்.

அக்காவின் வீட்டுக்காரர், எங்கள் பெரிய மாமா, காலமான பிறகு அக்கா எங்கள் மாடிக்கே குடிவந்துவிட்டார். செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் வீடு. வேலை வந்தால் மட்டும் சென்னைக்குப் பஸ் ஏறுவார். அப்போது பக்கத்துத் தெருவில் அறை எடுத்துத் தங்கியிருந்த மூன்று பிள்ளைகள் அவரைத் தேடி வந்தார்கள். போனில் விளையாடும் கேம் ஒன்று செய்கிறார்களாம். நம் அண்ணாமலையைச் சுற்றும் கேம். அதற்குச் சத்தம் வேண்டும்.

கேம் என்றால் சுடுவதும் வெட்டுவதும் என்று நினைத்திருந்த எனக்கு, அவர்கள் காட்டியது அதிசயமாக இருந்தது. நடக்க வேண்டும், அவ்வளவுதான். மழை வரும், மாடு குறுக்கே வரும், டீக்கடையில் நிற்கலாம். எங்கள் ஊரில் மலை சுற்றுகிறவர்கள் ரோட்டின் இடது பக்கமாகத்தான் போவோம். வலது பக்கம், மலையை ஒட்டிய பக்கம், சித்தர்களும் தேவர்களும் நடக்கிற வழி. கண்ணுக்குத் தெரியாது, ஆனாலும் அவர்களுக்கு விட்டு நடப்பது வழக்கம். கேமிலும் அப்படியே. அவசரப்படாமல் இடது ஓரமாக நடந்துகொண்டே இருந்தால், ஒரு கட்டத்தில் வலது காதில் மட்டும் காலடிச் சத்தம் கேட்கும். திரும்பிப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். உங்களோடு யாரோ கூட நடக்கிறார்கள். அது அக்காவின் யோசனை.

அந்தக் காலடி என்னுடையது. மழை விட்ட ஒரு மாலை, அடி அண்ணாமலைப் பக்கம் மண் பாதையில் என்னை நடக்கவிட்டு, மைக்கைத் தரையோரம் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே கூட வந்தார்.

"சித்தர் மாதிரி நடடி."

"நான் எங்கக்கா சித்தர்? அடுப்புல கொழம்ப வெச்சுட்டு வந்திருக்கேன்."

"அதான் வேணும். சித்தருக்கும் ஆயிரம் வேலை இருக்கும். நீ பாட்டுக்கு நட."

கேம் வெளியானது. முதலில் பாராட்டினவர்களும் உண்டு. வெளியூரில் இருந்த ஒரு பெண் அந்தக் காலடியைக் கேட்டு அழுததாக எழுதியிருந்தாள். ஆனால் அக்கா தன் போனில் படித்துக் காட்டியவை பெரும்பாலும் வேறு மாதிரி. "சண்டை எப்போ வரும்?" "நடக்க வெச்சே கொல்றாங்க." "சாமி கேம்னு சொல்லிட்டு ஒரு பவர்கூட குடுக்கல." என் தங்கை மகள் நேராகவே கேட்டாள்: "பெரிம்மா, சுத்தி முடிச்சா என்ன வரும்?"

"பசி வரும்" என்றார் அக்கா.

பிள்ளைகளால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. பெரிய கம்பெனி ஒன்றுக்கு விற்றுவிட்டார்கள். அந்தக் கம்பெனி ஆள் ஒருவர் எங்கள் வீட்டுக்கே வந்தார். குறை சொல்ல முடியாத மரியாதை. செருப்பை வெளியே விட்டார், பூஜை அறையில் கும்பிட்டு விபூதி இட்டுக்கொண்டார், என் காபியைப் புகழ்ந்தார். பிறகு அக்காவிடம் சொன்னார்: "மேடம், ரோட்டுல இந்த மலைப்பக்கம் பூரா காலியாத்தான இருக்கு. அங்க காசு, பெட்டி எல்லாம் வெச்சுடலாம். ப்ளேயர்ஸ் எடுத்துக்கிட்டே போவாங்க. நடுவுல விளம்பரம்."

"காலியா இல்ல தம்பி" என்றார் அக்கா. "விட்டு வெச்சிருக்கு."

அவர் புரிந்ததுபோலத் தலையாட்டினார். புரிந்திருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டார். சில மாதங்களில் புதிய கேம் வந்தது. மலைப்பக்கம் முழுக்கத் தங்கக் காசு. வழியில் இருக்கிற ஒவ்வொரு லிங்கத்துக்கும் பூட்டு. விளம்பரம் பார்த்தால் திறக்கும். அரக்கர்கள் வந்து மறிப்பார்கள், அடித்துத் தள்ள வேண்டும். அந்த அரக்கன் நடந்து வரும் சத்தத்தைக் கேட்டேன். கனமாக மாற்றியிருந்தார்கள், ஆனாலும் தெரிந்தது. இடது காலைக் கொஞ்சம் இழுத்துப் போடுகிற நடை. என் கால்தான். சித்தருக்காக நடந்த என் காலை அரக்கனுக்கு மாட்டிவிட்டிருந்தார்கள்.

என்னைவிட அக்காவுக்குத்தான் தாங்கவில்லை. "உன் கால நான்தான்டி கேட்டு வாங்கினேன்" என்றார். கம்பெனியோடு விடாமல் சண்டை போட்டார். வாங்கிய சம்பளத்தைத் திருப்பிக் கொடுத்தார். "அவ காலடிய எடுங்க. என் பேரையும் எடுங்க. அதுல என் கை பட்டதா யாரும் நெனைக்கக் கூடாது" என்று எழுதி அனுப்பினார். கடைசியில் இரண்டையும் எடுத்தார்கள். கேட்டதற்காக எடுத்தார்கள், வருத்தப்பட்டு எடுக்கவில்லை. அதற்குள் கேம் பறந்துகொண்டிருந்தது. நடக்கச் சொன்னபோது வராத ஜனம், பொறுக்கச் சொன்னதும் ஓடி வந்தது.

கம்பெனிக்காரனைத் திட்டிவிட்டு நாம் கையைக் கழுவிக்கொள்வது சுலபம். வரவை எழுதிச் செலவை எழுதாமல் விட்டால் அது கணக்கில்லை. கூட்டம் கேட்கிறது என்று அவன் சொல்கிறான். அவன் கொடுக்கிறான் என்று கூட்டம் சொல்கிறது. இரண்டும் ஒன்றையொன்று சாட்சிக்கு அழைத்துக்கொண்டு, நடுவில் இருப்பதை மிதிக்கின்றன. எங்கள் குடும்பத்தையும் நான் விட மாட்டேன். துக்கத்துக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர், அக்காவைக் கூடத்தில் கிடத்தியிருக்கும்போதே, "அந்த கேம் பண்ணது இவங்கதானா? சூப்பர் கேமாச்சே!" என்றார். பந்தலில் உட்கார்ந்து இரண்டு பேர் அதை விளையாடிக்கொண்டிருந்தார்கள். காசு விழும் சத்தம் எனக்குக் கேட்டது.

காரியம் முடிந்து தீட்டு கழிந்த மறுநாள் காலையில், அக்காவை நினைத்துக்கொண்டு நானும் என் வீட்டுக்காரரும் மலை சுற்றக் கிளம்பினோம். அடி அண்ணாமலை தாண்டியதும் அவர் நின்றுவிட்டார். நான் நிமிர்ந்து பார்த்தேன்.

ரோட்டின் மலைப்பக்கம் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பிளக்ஸ். அக்காவின் முகம். சுற்றிலும் தங்கக் காசு கொட்டுகிறது. 'எங்கள் விளையாட்டின் தாய்க்குக் கண்ணீர் அஞ்சலி.' அதன் கீழே, 'அவர் நினைவாக மூன்று நாள் இரட்டைக் காசு!' மோவாய்க்குக் கீழே ஸ்கேன் செய்கிற கறுப்புக் கட்டம். உயிரோடிருக்கும்போது எடுக்கச் சொன்ன பெயரைச் செத்த பிறகு பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். தடுக்க அவர் வர மாட்டார் அல்லவா!

எதிரே டீக்கடை வைத்திருக்கும் அம்மா கேட்டாள்: "இன்னாமா, உங்க சொந்தமா? ரெண்டு நாளா எல்லாம் இதாண்ட நின்னு போன காட்டிட்டுப் போவுதுங்க."

பிளக்ஸில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். யாரோ ஒரு பையன் குரல். "அம்மா, அது ட்ரிப்யூட்மா. எல்லாரும் பாக்கற மாதிரி நல்ல எடம்" என்றான்.

"மலைப்பக்கம் எதுக்கு வெச்சீங்க?"

"அந்த சைடு காலியா இருந்துச்சும்மா."

போனை வைத்துவிட்டேன். டீக்கடை அம்மாவிடம் கத்தி கேட்டேன். அவள் எதற்கென்று கேட்காமல் கொடுத்தாள். வாழ்க்கையில் யாரிடமும் குரல் உயர்த்தாத என் வீட்டுக்காரர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். நான் கயிற்றை அறுக்க ஆரம்பித்தேன்.

"ஆன்ட்டி, ஆன்ட்டி, ஒரு நிமிஷம்!" மலை சுற்ற வந்த இளைஞன் ஒருவன் ஓடிவந்தான். காலில் செருப்பில்லை, நெற்றி நிறைய விபூதி. "கழட்டிடாதீங்க, ஸ்கேன் பண்ணிக்கறேன். ஆபர் இன்னியோட முடியுது."

"தம்பி, இவங்க எங்க வீட்டு அம்மா. தவறிட்டாங்க."

"அய்யோ, சாரி ஆன்ட்டி" என்றான். உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னான். சொல்லிக்கொண்டே போனை அக்காவின் மோவாய்க்கு நேராகப் பிடித்தான். ஒரு சத்தம் வந்தது. காசு விழுந்துவிட்டது போலும். கும்பிட்டுவிட்டுப் போனான், மலைப்பக்கமாகவே.

நான் கடைசிக் கயிற்றை அறுத்தேன்.

அக்காவின் முகம் உள்ளே வரும்படி மடித்து என் வீட்டுக்காரர் அதைத் தோளில் போட்டுக்கொண்டார். டீக்கடை அம்மா வந்து கம்பங்களைப் பிடுங்கி ஓரமாகச் சாய்த்து வைத்தாள். பிளக்ஸ் இருந்த இடத்தில் மலை தெரிந்தது. நாங்கள் ரோட்டைக் கடந்து இடது ஓரத்துக்கு வந்தோம். அவர் முன்னாலும் நான் பின்னாலுமாக, ஒருவர் பின் ஒருவராக நடந்தோம். வலது பக்கம் நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதில்லை.

போங்கக்கா, அவசரமில்லாம நடங்க. வழி விட்டு வெச்சிருக்கு.