பென்சில் படாத முகம்

கொடைக்கானல் கடைவீதியில் எங்கள் பலசரக்குக் கடைக்கு அடுத்தது சம்சுல் ஆலமின் போட்டோ ஸ்டூடியோ. படம் பிடிப்பது அவர். அதை அழகாக்கியது அவர் மனைவி சுலைகா. ஊரில் பாதிப் பேருக்கு இது தெரியாது; தெரிந்தவர்களும் புருஷனைத்தான் புகழ்ந்தார்கள். எனக்கு அதில் இன்றைக்கும் எரிச்சல் உண்டு.

ஐம்பத்திரண்டாம் வருஷம் பழனியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் சுலைகா. மலைக்கு வந்ததும் அவள் காதில் அதிகம் விழுந்த இங்கிலீஷ் வார்த்தை ‘லைட்’. மேகம் இறங்கினால் புருஷன் கேமராவை மூடிவிட்டு, “லைட் வரட்டும்” என்று உட்கார்ந்துவிடுவார். மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா கம்பளிச் சால்வையைக் கையில் தூக்கிப் பார்த்து லைட் என்பாள். டீயும் லைட், மழையும் லைட், நீலத்தில்கூட ஒரு லைட்.

“நம்ம பக்கம் வெளிச்சம் வேற, வெளுப்பு வேற, கனமில்லாதது வேற. இவங்க ஒண்ணையே வச்சுக்கிட்டு எப்படிக்கா காலந்தள்ளுறாங்க?” என்று என்னிடம் சிரிப்பாள்.

ஆனாலும் அந்த வார்த்தை அவளுக்குப் பிடித்துப்போனது. ஏரிப் பக்கமிருந்து வந்த மேகம் மெல்ல விலகும்போது ஸ்டூடியோவின் கண்ணாடிக் கூரை முதலில் வெளுக்கும். பிறகு அறை தெளியும். அப்போது தன் உடம்பும் பாரமில்லாமல் மிதப்பதுபோல் இருக்கும் என்பாள். அந்த நேரத்தில் மூன்றும் ஒன்றுதான் என்று தோன்றுமாம்.

பின்னறை ஜன்னலோரம் அவள் வேலை. ஊசிபோல் சீவிய பென்சிலால் நெகடிவில் முகங்களைத் தொடுவாள். நெகடிவில் கருப்பு வெள்ளை எல்லாம் தலைகீழ். சிவந்த முகம் அதில் கருப்பாய் அடைத்துக் கிடக்கும். கறுத்த முகம் கண்ணாடியாய்த் தெரியும். அந்தக் கண்ணாடியில் பென்சில் கருப்பைப் பூசினால்தான் படத்தில் முகம் வெளுக்கும். கல்யாணத்துக்கு அனுப்பும் போட்டோக்களில் அவள் வெளுக்க வைத்த பெண்கள் ஏராளம். இந்த ஊருக்கு வெள்ளைத்தோல்மேல் அப்படியொரு பைத்தியம்.

பூம்பாறையில் பூண்டு போடும் மலைச்சாமி, மகள் சின்னத்தாயியோடு இரண்டாம் முறையாக வந்தார். முந்தின வருஷம் சுலைகா வெளுக்க வைத்த படத்தைப் பார்த்துத்தான் போடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். சின்னத்தாயி வந்து நின்றதும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு எழுந்து போனார்கள். கொடுத்த காப்பியைத் தொடக்கூட இல்லை. இப்போது பெரியகுளத்து வரன் படம் கேட்டிருந்தது.

“போன தடவ பத்தலைங்க. இன்னுங் கொஞ்சம் லைட்டாக்கிக் குடுங்க,” என்றார் மலைச்சாமி. வந்தவர்கள் திரும்பிப் போனதற்கு அந்த மனிதர் கண்டுபிடித்த காரணம் இது. சின்னத்தாயி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் சுலைகா என்னைப் பின்னறைக்குக் கூப்பிட்டாள். நெகடிவை ஜன்னலுக்கு நேரே பிடித்திருந்தாள். சின்னத்தாயியின் முகம் சுத்தமான கண்ணாடியாக இருந்தது. அதன் வழியே மேகம் போனது. ஒரு யூக்கலிப்டஸ் மரம் தெரிந்து மறைந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

“கை வரலக்கா,” என்றாள். “எம் பென்சில நம்பித்தான் போடிக்காரங்க மலையேறி வந்தாங்க. அந்தப் புள்ளைக்கு நாந்தான் அவமானம் தேடிக் குடுத்தேன்.”

சம்சுல் ஆலம் எட்டிப் பார்த்தார். “சோலியப் பாரு சுலைகா. கேட்டதக் குடுத்துட்டுப் போவோம்.”

“திரும்பவும் பாக்க வர்றவங்க எந்திரிச்சுப் போனா, அந்தப் புள்ள பக்கத்துல போயி நீங்க நிப்பீங்களா?”

அவர் வெளியே போய்விட்டார். அன்றைக்குச் சுலைகா பென்சிலை எடுக்கவில்லை. படம் அப்படியே அச்சாயிற்று.

வாங்க வந்த மலைச்சாமிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “என்னங்க இது? பென்சில் தீந்துபோச்சா? மூணாவது ஆளுக்கு நான் எங்க போக?”

சின்னத்தாயி படத்தை அவர் கையிலிருந்து வாங்கினாள். அவள் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

“இதவே அனுப்புங்கப்பா. வேணாம்னா அங்கனயே இருந்து வேணாம்னு சொல்லட்டும். நம்ம வீட்டுக்குள்ள வந்து, எம் மூஞ்சியப் பாத்துச் சொல்ல வேணாம்.”

மலைச்சாமி படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். பின்னறை வாசல் திரைக்குப் பின்னால் சுலைகா அழுதாள். நானும்தான்.

பெரியகுளத்து வரன் வேண்டாம் என்று கார்டு போட்டது. கொஞ்ச நாளில் மலைச்சாமி தனியாக வந்து அதே படத்தில் இன்னொன்று கேட்டார். சுலைகா திரையை விலக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள். வேற்று ஆள் முன்னால் அவள் வந்ததே இல்லை.

“வேற வரன் வந்துருக்காண்ணே? பென்சில் வைக்கணுமா?” என்றாள்.

“வரனெல்லாம் இன்னும் வரல தாயி. இது வீட்டுல மாட்ட.” தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அந்த மொதப் படம் பெட்டியிலயே கெடக்கு. மாட்ட மனசு வரல. அதுல எம் மக இல்ல.”