மதினிக்கு வைத்த செய்முறை

பாம்பனில் அந்தத் தெருவில், லீமாரோஸ் வீட்டு வாசலை ஒரு தடவையாவது மிதிக்காத பெண் கிடையாது. ரேஷன் அட்டையில் பேர் சேர்க்க வேண்டுமா, பிள்ளைக்கு உதவித்தொகைக்கு எழுத வேண்டுமா, எல்லாம் அவளுடைய பழைய லேப்டாப்பில்தான். காசு கொடுத்தால் கோபித்துக்கொள்வாள். சரி மீனாவது வாங்கிக்கொள் என்றால், "எங்க வீட்டுக்காரரு கொண்டாறதே மிச்சம் கெடக்கு" என்பாள். கடன்பட்டவர்களை இப்படித் திரும்பக் கட்டவே விடாமல் வைத்திருப்பதும் ஒரு வகைக் கொடுமைதான். அது அவளுக்கு அப்போது விளங்கவில்லை.

அந்த லேப்டாப்பில் அவள் தனக்கென்று செய்த ஒரே காரியம் மீன் சமையலுக்கென்று ஒரு வலைப்பூ. கணவாய் மீனை எப்படிக் கழுவுவது, பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டு எப்படிச் செய்வது என்று வீட்டில் பேசுகிற மாதிரியே எழுதினாள். சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருந்துகொண்டு மீனைப் பார்த்தாலே பயப்படுகிற பெண்களெல்லாம் அதைப் படித்தார்கள். ஒவ்வொரு பதிவிலும் முதலில் தேவையான பொருட்கள், அப்புறம் கொட்டை எழுத்தில் 'செய்முறை'. அதற்கு நேர் கீழே ஒரு விளம்பரம் வந்து உட்காரும். ஒருநாள் மிக்ஸி, ஒருநாள் சேலை, ஒருநாள் கல்யாணத் தகவல் மையம்.

விளம்பரத்தில் வருவது முதலில் டீச்செலவுக்குக்கூடக் காணாது. அவளும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை, புருஷன் கடலில் விழுகிறவரைக்கும்.

சகாயவினோத் விசைப்படகில் கூலிக்குப் போகிறவன். மாசி மாதம் ஒருநாள் வலை இறக்கும்போது கயிறு காலைச் சுற்றி அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. கூட இருந்தவர்கள் எப்படியோ படகில் தூக்கிப் போட்டார்கள். கால் சரியாகிவிட்டது. ஆள் சரியாகவில்லை. தலையில் தண்ணீர் ஊற்றினால் அவனுக்கு மூச்சு முட்டும். பிறந்ததிலிருந்து கடலில் குதித்து வளர்ந்தவன், துண்டை நனைத்து உடம்பைத் துடைத்துக்கொண்டு அதைக் குளியல் என்று சொல்லிக்கொண்டிருந்தான். வெளியே யாருக்கும் தெரியாது. தெரிந்தால் தெருவே கேலி பேசும் என்று அவனுக்கு நடுக்கம்.

நல்லவேளையாக மீன்பிடித் தடைக்காலம் வந்தது. எல்லாப் படகும் கரையில் கிடந்ததால் அவன் கிடந்ததும் வெளியே தெரியவில்லை. அந்த நாட்களில் லீமாரோஸ் பேய் பிடித்தவள் மாதிரி எழுதினாள். அவன் மீனை அறுப்பான், அவள் படம் எடுப்பாள். தடைக்காலம் முடிகிற சமயத்தில் முதன்முதலாக விளம்பரக் கம்பெனியிலிருந்து வங்கிக் கணக்கில் சொல்லிக்கொள்கிற மாதிரிப் பணம் ஏறியது. அந்த மாத அரிசி பருப்புக்கு அது போதும்.

"இப்படியே வந்துச்சுன்னா நீங்க கடலுக்குப் போக வேணாம்" என்றாள்.

அவன் மீன் செதிலை நகத்தால் சுரண்டிக்கொண்டே, "வருமா லீமா?" என்று கேட்டான். சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி இருந்தது. அந்தக் குரலுக்காகவே அவள் எதையும் செய்திருப்பாள்.

சந்தியாகப்பர் கோயில் திருவிழாவில் அவன் தங்கை ஆஸ்லின் லீமாரோஸைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் ஏன் படகேறவில்லை என்ற கவலை அவளுக்கு. லீமாரோஸ் அவன் பயத்தைச் சொல்லவில்லை. பணம் வந்ததை மட்டும் சொன்னாள்.

"அது எப்படி மதினி காசு வரும்?"

"செய்முறைக்குக் கீழ வெளம்பரம் வருதுல்ல, அதை யாராச்சும் தொட்டா வரும்."

அவ்வளவுதான் சொன்னாள். தன் விளம்பரத்தைத் தானே தொடக்கூடாது, தொடச்சொல்லி யாரையும் கேட்கவும் கூடாது என்ற சட்டமெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அவள் யாரையும் கேட்கவில்லைதானே.

ஆனால் பாம்பன் பகுதியில் செய்முறை என்றால் சமையல் இல்லை. கல்யாணம், காதுகுத்து, புதுநன்மை என்று ஒரு வீட்டில் விசேஷம் வந்தால், அந்த வீட்டுக்குக் கடன்பட்டவர்கள் போய்த் திருப்பிச் செய்வதுதான் செய்முறை. செய்யாமல் விட்டவள் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. லீமாரோஸுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் விசேஷம் என்று ஒன்று வந்ததே இல்லை. தெரு முழுக்க அவளுக்குக் கடன்பட்டிருந்தது, செய்முறை வைக்கத்தான் இடமில்லாமல் இருந்தது. ஆஸ்லின் இடம் காட்டிவிட்டாள்.

"மதினி பக்கத்துல செய்முறைன்னு எழுத்தே போட்டிருக்கு. அங்கன ஒரு படம் வரும். அதத் தொட்டா மதினிக்குச் சேரும்" என்று ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னாள். பெண்கள் விடிந்ததும் தொட்டார்கள். மீன் விற்றுவிட்டு வந்து தொட்டார்கள். ஜெபமாலை முடித்துத் தொட்டார்கள். போன் இல்லாதவள் அடுத்த வீட்டுப் போனில் தொட்டாள்.

கணக்கு ஏறுவதைப் பார்த்து லீமாரோஸ் பால்சுறாப் புட்டுதான் பிய்த்துக்கொண்டு ஓடுகிறது என்று நினைத்தாள். சகாயவினோத் அந்த நம்பிக்கையில் படகு டிரைவரிடம் போய் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தான். வருகிற வழியில் அவனாகவே விசிலடித்தான்.

அடுத்த வாரம் விளம்பரக் கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. முறைகேடான தொடுதல்கள், கணக்கு மூடப்படுகிறது, சேர்ந்த பணம் கிடையாது. அவள் முறையிட்டு எழுதினாள். முடிவில் மாற்றமில்லை என்று பதில் வந்தது. எங்கிருந்து இத்தனை தொடுதல் என்று அவள் திகைத்துக்கொண்டிருந்தபோது, தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி பெருமையாகச் சொன்னாள்: "லீமா, நான் ஒருநாக்கூட விடல. நீ எங்க அய்யாவுக்கு எழுதிக் குடுத்ததை மறப்பேனா?"

லீமாரோஸ் குடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு அழுதாள். யார் மேலாவது கோபப்பட முடிந்திருந்தால் பாதி அழுகை குறைந்திருக்கும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சகாயவினோத் மீன் அறுக்கிற கத்தியைக் கழுவி எடுத்து வைத்தான். பிறகு, "தெருவுல யார்ட்டயும் சொல்லிறாத. தாங்க மாட்டாக" என்றான். மறுநாள் டிரைவரைப் பார்க்கப் போனான்.

கடலுக்குப் போகிற அன்று காலையில், வீட்டுக்குப் பின்னால் ஓலைத் தடுப்புக்குள் அவன் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்கிற சத்தம் கேட்டது. ஒரு வாளி. மூச்சு வாங்கல். மறுபடியும் ஒரு வாளி. பழகிக்கொள்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. அவள் அடுப்பு முன்னால் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். வெளியே வந்தபோது அவன் உதடு வெளுத்திருந்தது. "வாரேன்" என்றான். அவள் தலையாட்டினாள்.

படகுகள் போன பிறகு ஆஸ்லின் போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"மதினி, செய்முறைக்குக் கீழ இப்பல்லாம் ஒண்ணுமே வரமாட்டேங்குது. எங்கன தொடுறது? தெருவுல எல்லாரும் கேக்குறாக."

லீமாரோஸ் அந்தப் போனை வாங்கிப் பார்த்தாள். பால்சுறாப் புட்டு. அதன் கீழே வெறும் வெள்ளை.

"போதும் ஆஸ்லின். எல்லாரும் நெறைவாச் செஞ்சுட்டீக" என்றாள்.

ஆஸ்லினுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அதைத் தெருவில் சொல்லிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள்.