ஒரு பக்கம் மட்டும் துருப்பிடித்த ரயில்

பாத்திரம் துலக்கும் கம்பி நாரை யாரோ ஈரத்தோடு தொட்டியோரம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். காலையில் பார்த்தால் வெள்ளைக் கல்லில் வட்டமாக ஒரு துருக்கறை. மருமகள் எலுமிச்சை மூடியோடு தேய்க்க வந்தாள். "இரும்மா, அழிக்காத" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நடுவில் கறுப்பு, சுற்றிலும் செம்பு, ஓரத்துக்குப் போகப் போக வெளிறிய மஞ்சள். குனிந்து முகர்ந்தும் பார்த்தேன். மாமியாருக்கு என்னமோ ஆகிவிட்டது என்று அந்தப் பெண் தன் புருஷனுக்குப் போன் போட்டிருக்கும். போடட்டும். இந்த நிறத்தை வரவழைக்க ஒரு காலத்தில் நான் பட்ட பாடு அவளுக்கு எங்கே தெரியப்போகிறது?

நான் மங்கலம்பேட்டைக்காரி. எங்கள் ஊரில் பஸ் உண்டு, ரயில் கிடையாது. ரயிலைப் பார்க்க வேண்டுமென்றால் விருத்தாசலம் போகவேண்டும். அப்படிப் போய்ப் பார்க்கிற அளவுக்கு அதில் என்ன இருக்கிறது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை. பரங்கிப்பேட்டையில் வாழ்க்கைப்பட்டு வந்தபிறகுதான் ரயில் எனக்குக் கிட்டத்துச் சொந்தமானது. கல்யாண மருதாணி முழுசாக மங்கவில்லை, மச்சானுக்கு விசா வந்துவிட்டது. மச்சான் என்றால் என் வீட்டுக்காரர். எங்களில் அப்படித்தான் கூப்பிடுவோம். சாயங்கால பாசஞ்சரில் ஏறி, கடலூர் முதுநகர் ஜங்ஷனில் பெரிய வண்டி மாறி, மெட்ராஸ் போய், அங்கிருந்து துபாய்.

வழியனுப்ப ஊரே ஸ்டேஷனுக்கு வந்திருந்தது. எல்லார் எதிரிலும் புருஷன் முகத்தை ஏறிட்டுப் பார்க்கிற தைரியம் அந்த வயதில் எனக்கு இல்லை. இத்தனை பேசுகிறவளா இப்படி என்று சிரிக்காதீர்கள், வாயெல்லாம் பிற்பாடு வந்ததுதான். முகத்தைப் பார்க்க முடியாதவள் அவர் ஏறிய பெட்டியைப் பார்த்தேன். வண்டி நிற்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் அதை அப்படியே கண்ணால் குடித்துவிட்டேன் என்று சொல்லலாம். செங்காவி நிறம். ஜன்னல் கம்பிகளில் கை பட்டுப் பட்டுப் பெயின்ட் போய், இரும்பு மினுங்கியது. ஒவ்வொரு ஜன்னலுக்குக் கீழேயும் எண்ணெய்த் தலை சாய்ந்த கறை. கதவு மூலையில் உப்புக்காற்று தின்ற துரு, கண்ணீர் வடிந்த மாதிரி கீழே இறங்கியிருந்தது. அடுத்தடுத்த வருஷங்களிலும் அவர் வந்து போகும்போதெல்லாம் அப்படியே பார்த்தேன்.

எங்கள் வீட்டு ஹாலில் சுவர் அகலத்துக்கு ஒரு ஷோகேஸ். சபுராளி வீடு என்றால், அதாவது ஆம்பளை வெளிநாட்டில் இருக்கிற வீடு என்றால், அது இல்லாமல் இருக்காது. உள்ளே டீ குடிக்காத டீ செட், தீர்ந்துபோன சென்ட் பாட்டில்கள், பிளாஸ்டிக் உறை பிரிக்காத கடிகாரம். எல்லாம் பார்க்க மட்டும். என்னையும் அதில் ஓர் ஓரமாக நிறுத்திவைத்திருந்தால் பொருத்தமாகத்தான் இருந்திருக்கும். அந்த ஷோகேசுக்குத்தான் ஒரு தடவை ஊர்க்காரர் கையில் மச்சான் ஒரு பொம்மை ரயிலைக் கொடுத்தனுப்பினார். பொம்மை என்றால் கடைத்தெருப் பொம்மை இல்லை. ஜெர்மனியில் செய்தது. கையடக்க எஞ்சின், பச்சைப் பெட்டிகள், தங்க எழுத்து, வளையமாகப் பூட்டுகிற தண்டவாளம், கூரையில் பனி உறைந்த ஒரு ஸ்டேஷன், பனி மூடிய மரங்கள். 'உனக்கு' என்று அட்டைப்பெட்டி மேல் எழுதியிருந்தார்.

"மாமி, கரன்ட்ல வெச்சா ஓடுமாம்" என்றேன் மாமியாரிடம்.

"ஓடவுட்டா தேஞ்சிப் பூடும். கண்ணால பாத்தா போதாதா?" என்று கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டார்.

உனக்கு என்று எழுதின சாமானை நான் தொட யாரைக் கேட்கவேண்டும்? மாமி மத்தியான லுஹர் தொழுகையில் இருக்கும்போது கதவைத் திறந்தேன். ஒளித்தெல்லாம் செய்யவில்லை, கதவு நன்றாகவே சத்தம் போட்டது. மாடியில் தையல் மிஷினை ஓரம் தள்ளி, துணி வெட்டுகிற மேசையில் தண்டவாளத்தைப் பூட்டினேன். ஓடியது. ஆனால் அது வேறு யாரோ போகிற ரயில். அதில் எங்கள் ஊர்க்காரர் ஒருத்தரும் ஏறியிருக்க முடியாது. அவ்வளவு சுத்தம்.

முதலில் மரங்களில் கைவைத்தேன். பனியைச் சுரண்டி, கிளைகளை அங்கங்கே பிய்த்து மெலிசாக்கினேன். ஜெர்மன் மரம் நம் கடற்கரைச் சவுக்காக மாற அவ்வளவுதான் செலவு. ஸ்டேஷன் கூரைக்கு அட்டையில் ஓடு வெட்டினேன். கூடவே சின்னச் சின்ன மனிதர்களும் வந்திருந்தார்கள், தொப்பி போட்டவர்கள், குடை பிடித்தவர்கள். மாமி மாடியேறி வந்து பார்த்துவிட்டு, "உருவமெல்லாம் வூட்ல வெச்சா மலக்குமாருங்க எப்பிடிடி உள்ள வருவாங்க?" என்று வானவர்கள் பேரைச் சொல்லிப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆளை வைக்கக் கூடாதென்றால் ஆள் இருந்த அடையாளத்தை வைக்கலாமே. பிளாட்பாரத்தில் மீன்கூடை, கயிறு கட்டிய அட்டைப்பெட்டி, ஒரு ஜோடி செருப்பு. வண்டியிலும் அதே கணக்குத்தான்.

வழவழப்பில் எதுவும் ஒட்டாது. அதனால் பெட்டியை முதலில் பாத்திரம் துலக்குகிற மாதிரி சாம்பல் போட்டுத் தேய்த்தேன். தரைக்குப் போடுகிற ரெட் ஆக்சைடைப் பசையில் குழைத்துப் பூசினால் சரியான செங்காவி. பூசுவதற்கு முன்னால் அங்கங்கே ஈரம் தொட்டு உப்புத்தூள் தூவி, காய்ந்தபின் தட்டிவிட்டால் பெயின்ட் உரிந்த மாதிரியே திட்டுத்திட்டாக வரும். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தையல் நூலுக்கு மெழுகு ஏற்றி ஜன்னல் கம்பி கட்டினேன். வெற்றிலை எச்சிலுக்கு மஞ்சளும் சுண்ணாம்பும். கூரைக்கு அடுப்புக்கரி. துருவுக்கு மட்டும் எந்தக் கலவையும் சரிப்படவில்லை. காபித்தூள், செங்கல் பொடி, கடுக்காய் எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் பழைய ஆணிகளைக் கொட்டாங்கச்சியில் உப்புத்தண்ணீர் ஊற்றிப் போட்டுவைத்தேன். துருவுக்கு நிஜத் துருதான் வேண்டியிருந்தது.

"எல்லாரும் பழச வாங்கிப் புதுசாக்குவாங்க. புதுச வாங்கிப் பழசாக்குறவ இந்தத் துனியாவுலயே நீ ஒருத்திதாண்டி" என்றார் மாமி. மாமி பேச்சு எப்போதும் அப்படித்தான். அடிக்கிற அடியில் பாதி சிரிப்பாக இருக்கும்.

மச்சான் லீவில் வந்தார். ஷோகேசைப் பார்த்தார், மாடிக்கு வந்தார், மேசையைப் பார்த்தார்.

"இன்னா புள்ள இது, குப்ப லாரி மாதிரி?"

"நீங்க போன வண்டி மச்சான்."

"இத வாங்க எத்தினி கட ஏறி எறங்குனேன் தெரியுமா? கண்ணாடிக்கு அந்தாண்ட நின்னு எத்தினி நாளு பாத்துட்டுப் போயிருப்பேன்! சோப்புப் போட்டுக் கழுவு."

"கழுவ மாட்டேன்."

அந்த வீட்டில் அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னபிறகு பயமாக இல்லை, அதுதான் எனக்கே ஆச்சரியம். மச்சான் பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பினார். மறுபக்கம் பச்சைப் பசேல் என்று, தங்க எழுத்தோடு, ஜெர்மனியிலிருந்து வந்தபடி இருந்தது. கூரையில்கூடக் கரி பாதி வரைக்கும்தான்.

"இந்தப் பக்கம் ஏன் பூசல?"

"நான் நிக்கிறது பிளாட்பாரத்துல. அந்தப் பக்கத்த நான் எங்க பாத்தேன்?"

சிரிப்பதா, திட்டுவதா என்று அவர் முழித்துக்கொண்டிருந்தபோது மாமி நாட்டாமை செய்தார். "சண்ட எதுக்கு? பச்சப் பக்கத்த வெளிய பாக்க வெச்சி கண்ணாடிய மூடு. வர்றவுங்க பின்னாடி போயா பாக்கப்போறாங்க?"

"உம்மா சொல்றதுதான் சரி" என்று மச்சானுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

எனக்கோ கழுவு என்றபோதுகூட வராத கோபம் அப்போது வந்தது. கழுவினால் என் வேலை போகும், அவ்வளவுதான். சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தால் அது இருந்துகொண்டே இல்லாமல் போகும். வருஷக்கணக்காக அந்தப் பிளாட்பாரத்தில் நான் நின்றதும் அதோடு சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும். "ஷோகேசுக்கு அது திரும்பிப் போவாது மச்சான். அந்தப் பக்கத்தையும் பாத்துட்டு வந்து பூசிட்டா, எதத் திருப்பி வெக்கிறதுங்குற பேச்சே இருக்காது" என்றேன்.

"எங்க போயி பாப்ப?"

"செதம்பரம். அங்க ரெண்டு பிளாட்பாரம் இருக்கு, மேல பாலம் இருக்கு."

"ரயிலு அழுக்கப் பாக்க செதம்பரம் போறாளாம்! ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். சிரிச்சா பல்லு தெரியும், வேற இன்னா?"

மறுநாள் நாஷ்டா கொடுத்துவிட்டு, "போயிட்டு வரேன் மாமி" என்று ஸலாம் சொல்லி, துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கிளம்பினேன். மாமி ஸலாமுக்குப் பதில் மட்டும் சொன்னார். தெருவில் நடக்கும்போது முதுகெல்லாம் கண்ணாக இருந்தது. ஸ்டேஷனில் டிக்கெட் கவுன்ட்டரில் "செதம்பரம்" என்றேன். "ஒண்ணா?" என்றார் உள்ளேயிருந்தவர். "ரெண்டு குடுங்க" என்று என் பின்னாலிருந்து குரல் வந்தது. மச்சான்! வந்ததுதான் வந்தார், சிதம்பரம் வரைக்கும் யாரோ எவரோ மாதிரி எதிர் வரிசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டே உட்கார்ந்து வந்தார். வெள்ளாற்றுப் பாலத்தில் மட்டும் ஒரு தடவை என்னைப் பார்த்து, உடனே ஆற்றைப் பார்த்துக்கொண்டார்.

சிதம்பரத்தில் எதிர்வண்டிக்காக எங்கள் வண்டி நிற்கும். இறங்கி, பாலத்தில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கினோம். ஏறக்குறைய ஓடினேன் என்றே சொல்லவேண்டும்.

நான் பார்த்திருந்த பெட்டி இல்லை அது. இந்தப் பக்கம் துரு குறைவு. மேற்கு வெயிலில் செங்காவி வெளுத்துப் பழைய செங்கல்லாகியிருந்தது. ஆனால் அழுக்கு! வழியனுப்ப ஆள் நிற்கிற பக்கம் யாரும் எதையும் கொட்டமாட்டார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கை கழுவுவது, டிபன் பாக்ஸ் அலசுவது, குழந்தைக்குக் கால் கழுவிவிடுவது, எல்லாம் இந்தப் பக்கம்தான். ஜன்னலுக்கு ஜன்னல் குழம்புக்கோடு, மோர்க்கோடு. ஒரு வாழையிலைத் துண்டு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. மாமி விருந்தாளிக்குக் காட்டச் சொன்ன பக்கம் இதுதான்.

மச்சான் ஒரு ஜன்னல் எதிரில் போய் நின்றார். "வண்டி நகந்ததும் நான் இந்தப் பக்கம் வந்துடுவேன். பாட்டில் தண்ணியில மூஞ்சக் கழுவிக்குவேன். இந்தக் கோடுங்கள்ல பாதி என்னாட்டம் ஆளுங்க போட்டதுதான்."

"வண்டி நகந்ததும் மூஞ்சிய எதுக்குக் கழுவணும்?"

"அந்தப் பக்கம் வெயிலு புள்ள. வேர்க்கும்."

அவர் போவது சாயங்கால வண்டி. எங்கள் ஊர்ப் பிளாட்பாரம் கடல் பார்த்த பக்கம். சாயங்கால வெயில் அங்கே அடிக்க வழியே இல்லை. அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள், இருந்தால் இருக்கட்டும்.

லீவு முடிவதற்குள் மறுபக்கத்தைப் பூசி முடித்தேன். மச்சான் தூரிகையைத் தொடவில்லை. மேசையோரம் நாற்காலி போட்டுக்கொண்டு நாட்டாமை மட்டும் செய்தார். "அந்தக் கோடு இன்னும் நீளம்... இன்னும்... ஐயோ, இப்ப ஜாஸ்தியாயிட்டு!" மாமி கடைசி வரைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு பெருநாளுக்கும் வீடு கழுவும்போது ஈரத்துணியோடு மாடியேறி வருவார். நான் மேசைக்கு முன்னால் நின்றுகொள்வேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். "கல்லுடி நீ" என்று சொல்லிவிட்டு ஜன்னலைத் துடைத்துவிட்டுப் போவார்.

அந்த மீட்டர் கேஜ் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். சில வருஷம் எங்கள் பக்கம் ரயிலே இல்லை. பிறகு அகலப்பாதை வந்தது. வருகிற வண்டிகளில் பாதி எங்கள் ஸ்டேஷனைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அந்தச் செங்காவிப் பெட்டிகளை எங்கே உடைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. இப்போது பயணம் போகிற பிள்ளைகளுக்கு வாசலுக்கே கார் வந்துவிடுகிறது, நேராக மீனம்பாக்கம். பிளாட்பாரத்தில் ஊர் கூடி நிற்பது என்பதே இல்லாமல் போயிற்று. மாமி மவுத்தாகிப் பல வருஷம். ஷோகேசை உடைத்து மாடுலர் கிச்சன் அலமாரி செய்துவிட்டார்கள்.

ரயில் மாடியில் மேசைமேல் இருக்கிறது. கண்ணாடி மூடி செய்து தருகிறேன் என்று மகன் சொல்லிக்கொண்டே இருக்கிறான், வேண்டாம் என்று நானும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். மேலே தெருப்புழுதி படிகிறது. கடற்காற்றில் எஞ்சின் சக்கரம் தானாகவே துருப்பிடிக்கிறது. எது நான் பூசியது, எது தானாக விழுந்தது என்று இப்போது எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. யாராவது கேட்டால், எல்லாம் நான் பூசியதுதான் என்பேன்.