தட்டில் பிழைத்தவை

உயிர்க்கலம் வளர்க்கிற வேலையில் பாதி, கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதுதான். அது முடியாமல் தவிக்கிற என் போன்றவர்களுக்கு இது விளங்கும்.

மூச்சில்லாப் பெட்டி

திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்த சின்ன ஆய்வுகூடமொன்றில் உதவியாளராகச் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பல்கலைக்கழகம் போனவள் நான். மனிதச் சிறுநீரகக் கலங்களைத் தட்டுகளில் வளர்த்து, ஒட்சிசன் மிகக் குறைந்த பெட்டியில் ஒரு நாள் பூட்டி வைப்போம். பாதித் தட்டுகளுக்கு மட்டும் மெலற்றோனின் விடுவோம். இருட்டினால் எங்கள் உடம்பில் சுரந்து நித்திரையைக் கொண்டுவருகிற பொருள் அது. மறுநாள் எந்தத் தட்டில் எத்தனை பிழைத்தன என்று எண்ணுவோம்.

கூடத்தைத் துப்புரவாக்கும் சிவம் அண்ணை இதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மூச்சையும் நீங்களே நிப்பாட்டிறியள், மருந்தையும் நீங்களே ஊத்திறியள். நல்ல கதை தங்கச்சி."

கதவு

முதல் பரிசோதனையைக் கெடுத்தது நான்தான். உள்ளே என்ன பாடோ என்ற பதற்றத்தில் மூன்று தடவை கதவைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் வெளிக்காற்று உள்ளே போனது. மறைத்திருக்கலாம், பதிவுப் புத்தகத்தில் எழுதினேன். ஆய்வுகூடத்தை நடத்துகிற மேடம் வாசித்தார். கோபிக்கவில்லை.

"பாக்கிறது உங்களுக்கு ஆறுதல். அதுகளுக்கு உதவியில்லை."

வெளிச்சம்

அப்பா எங்கள் ஊரான இலங்கைத்துறையில் மீன்பிடித்தவர். இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, கிழமைக்கு இரண்டு தடவை இரத்தம் சுத்திகரிக்க பஸ்ஸில் திருகோணமலைக்கு வருவார். சிறுநீரகக் கலங்களைக் காக்கிறதா என்று நாங்கள் பார்க்கிற மெலற்றோனின் வெளிச்சத்தில் குறைவாகச் சுரக்கும் என்று ஒருநாள் அவரிடம் சொல்லிவிட்டேன்.

"அப்ப இவ்வளவு வருசமும் இரவிரவா லைற் பிடிச்சுக் கடலுக்குப் போனதாலயோ எனக்கு இப்பிடி?"

தெரியாது அப்பா என்றேன். அதுதான் உண்மை.

"படிச்ச பிள்ளை, ஓம் எண்டோ இல்லை எண்டோ ஒண்டைச் சொல்லன்."

ஏலாது

இரண்டாம் பரிசோதனையில் கதவைத் தொடவில்லை. மெலற்றோனின் விட்ட தட்டுகளில் கூடுதலான கலங்கள் பிழைத்திருந்தன. சந்தோசம் தாங்காமல், இரத்தம் சுத்திகரிக்கிற வார்ட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். கதவைத் திறந்ததைவிடப் பெரிய பிழை அது. தனக்கும் தரச் சொன்னார். தட்டில் நடப்பது உடம்பிலும் நடக்கும் என்றில்லை, டொக்டரைக் கேட்காமல் ஏலாது என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"தட்டில கிடக்கிறதுக்குக் குடுக்கிறாய். பெத்தவனுக்கு ஏலாதோ?"

மூன்றாம் தடவை

மூன்றாம் தடவை பெட்டியைப் பூட்டி ஒரு மணித்தியாலம் இருக்கும். அப்பாவுக்கு மூச்சு முட்டுகிறது என்று அம்மா போன் எடுத்துச் சொன்னா. ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஒட்சிசன் போட்டிருந்தார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்க்க மட்டும் விட்டார்கள். பார்த்துக்கொண்டே நின்றேன். பின்னேரம் அப்பா போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பினேன். கணக்கெடுப்பை மேடம் முடித்து வைத்திருந்தார். பெட்டியில் 'திறக்க வேண்டாம்' என்றொரு கடதாசி இன்னும் ஒட்டியிருந்தது. சிவம் அண்ணையின் எழுத்து.

"ஒருத்தரையும் தொட விடேல்லைத் தங்கச்சி. அதுகள் தப்பிட்டுதுகள்."

கதவைத் திறக்காத இரண்டு தடவையும் மெலற்றோனின் உதவியது என்று புத்தகத்தில் எழுதி, 'உதவியது' என்பதற்கு முன்னால் 'தட்டில்' என்ற சொல்லையும் கவனமாகச் சேர்த்தேன்.