பிள்ளையார் இறங்கி ஏறிய பஸ்

என் கணவருக்குப் பந்தயக் கார் என்றால் உயிர். கோயம்புத்தூர்க்காரர்கள் பலருக்கும் இருக்கிற வியாதிதான். கல்யாணத்துக்கு முன்பே என்னிடம் சொல்லியிருந்தார்கள். போகப் போகச் சரியாகிவிடும் என்று நான்தான் நம்பினேன். துபாய்க்கு வந்தபிறகு அது முற்றியது. ஊருக்கு வெளியே மணலைச் சமன்செய்து பந்தயத் தளம் ஒன்றைக் கட்டியிருந்தார்கள். வெயில் தணிந்ததும் அங்கே பந்தயங்கள் தொடங்கும். வாரம் முழுக்க ஜெபல் அலியில் ஒரு கிடங்கின் குளிர்பதன இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர், லீவு நாளில் ஆரஞ்சு நிற உடுப்பை மாட்டிக்கொண்டு, சம்பளம் இல்லாமல், தளத்தின் ஏதோ ஒரு வளைவில் கொடி பிடித்துக்கொண்டு நிற்பார்.

அந்தப் பைத்தியத்தின் உச்சம் பஸ். ஐரோப்பாவில், நான் பிறப்பதற்கு முன்பே செய்த உருண்டை முகப் பஸ் அது. ஓய்வுபெற்ற ஒரு வெள்ளைக்காரத் தம்பதி அதற்குள் கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாம் வைத்து வீடாக்கி, பனி கொட்டும் தங்கள் ஊரிலிருந்து நாடு நாடாக ஓட்டிக்கொண்டே வளைகுடா வரை வந்துவிட்டார்கள். திரும்பிப் போக மட்டும் தெம்பில்லை. அவர்கள் பிளேனில் ஊர் போய்ச் சேர, பஸ் எங்கள் தலையில் விழுந்தது.

அதை வைத்திருப்பது யானை கட்டித் தீனி போடுகிற வேலை. கோடையில் ரப்பரெல்லாம் அப்பளமாக வெடிக்கும். ஜன்னலை எவ்வளவு இறுக்கி மூடினாலும் மணல் உள்ளே வந்து தலையணை மேல் படுத்திருக்கும். சின்ன ஒரு உதிரிப்பாகத்துக்காக ஷார்ஜாவின் பழைய சாமான் கடைகளில் பாதி நாள் அலைவார். அல் குசைஸில் எங்கள் ஃபிளாட்டுக்குப் பின்னால், தொழிற்பேட்டையில் ஒரு யார்டில் அதை நிறுத்தியிருந்தோம். பந்தயம் இல்லாத லீவு நாட்களில் பஸ்ஸுக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்களைப் பார்த்துத்தான் இவர் இருக்கிறார் என்று தெரிந்துகொள்வேன்.

திட்டிக்கொண்டேதான் நானும் திரைச்சீலை தைத்தேன். திட்டிக்கொண்டேதான் புளிக்காய்ச்சல் கிளறி டப்பாவில் அடைத்தேன். ஆனால் பந்தயத்துக்கு முந்தின சாயங்காலம் தளத்தின் பின்பக்கம் பஸ்ஸை நிறுத்தி, படிக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால், தோளில் ஏறியிருந்த பாரம் இறங்கினாற்போல் இருக்கும். கொடி பிடிப்பவர்கள் டீ குடிக்க எங்கள் பஸ்ஸுக்குத்தான் வருவார்கள். அவர்களில் ஒரு இங்கிலாந்துக்காரர் என் புளிசாதத்துக்கு அடிமையாகி, ஊறுகாயைத் தனியாகக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற நிலைக்கு வந்துவிட்டார்.

ஒருமுறை, "இந்த ஓட்டை வண்டி நமக்கு எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"விசா கம்பெனியோடது. ஃபிளாட்டு வாடகை. கார் ஆபீஸ் காரு. இந்த நாட்டுல நம்ம பேர்ல இருக்கறது இது ஒண்ணுதான கண்ணு" என்றார். முல்கியா என்கிற பதிவு அட்டையைச் சட்டைப் பையில் சாமி படம்போல வைத்திருந்தார். அதற்கப்புறம் நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜையை யார்டிலேயே தடபுடலாகச் செய்தார். பஸ்ஸைக் குளிப்பாட்டிச் சந்தனம் குங்குமம் வைத்து, பர் துபாயில் வாங்கிவந்த மாலையைப் போட்டு, டிரைவர் சீட்டுக்கு முன்னால் ஒட்டியிருந்த பிள்ளையாருக்குக் கற்பூரம் காட்டினோம். நகராட்சிக்காரர்களுக்குப் பயந்து திருஷ்டிப் பூசணிக்காயை வாளிக்குள் வைத்து உடைத்தார். கடைசியில் திருஷ்டி மூட்டை பாக்கி. சிவப்புத் துணியில் ஒரு முழுத் தேங்காயும் படிகாரமும், அதன் கீழே எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும். நம் ஊரில் வண்டியின் முகத்தில் தொங்கவிட்டால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். இங்கே வெளியே எதையாவது தொங்கவிட்டால் போலீஸ் பிடிக்குமோ என்று இவருக்குப் பயம். அதனால் முன்பக்கத்துக் கம்பி வலைக் கதவைத் திறந்து, உள்ளே கட்ட இடம் தேடினார். ரேடியேட்டருக்கு முன்னால் வளைந்த நுனியோடு ஒரு சின்ன இரும்புக் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வெள்ளைப் பெயின்டில் ஆறு இதழ்ப் பூ ஒன்று.

"பாத்தியா, பூவெல்லாம் போட்டு வெச்சிருக்கான். சாமிக்குன்னே வெச்ச கொக்கியாட்ட இருக்குது" என்றார். மூட்டையை அதில் மாட்டி, கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுக் கதவை மூடினார். எனக்கும் திருப்தியாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் பந்தயத்துக்குக் கிளம்பினோம். பாதி வழியில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்குப் போய்விட்டது. ஓரங்கட்டி, ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றிக் கிளம்பினால் சிறிது தூரத்தில் மறுபடியும் அதே கதை. வாரம் முழுக்கப் பெரிய பெரிய கிடங்குகளைக் குளிரவைக்கிற மனுஷனால் ஒரு பஸ்ஸைக் குளிரவைக்க முடியவில்லை. இதை அப்போது வாய்விட்டுச் சொல்லவில்லை, அவர் முகம் அப்படி இருந்தது.

எங்கள் மெக்கானிக் பெஷாவர்க்காரர். பல வருஷப் பழக்கம். இன்ஜின், டிரைவருக்குப் பக்கத்திலேயே ஒரு பெரிய மூடிக்கு அடியில் இருந்ததால், வேலையெல்லாம் பஸ்ஸுக்குள்ளிருந்தே நடந்தது. வாட்டர் பம்ப்பை மாற்றினார்கள். குழாய்களை மாற்றினார்கள். ரேடியேட்டரை மேலிருந்து தண்ணீர் விட்டு அலசினார்கள். ஓட்டிப் பார்த்தால் முள் பழையபடி சிவப்பில்.

கடைசியில் மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார், "பாபி, இன்ஜின் கலாஸ்." அண்ணி, இன்ஜின் தீர்ந்தது என்கிறார். இன்ஜின் உள்ளுக்குள்ளேயே வெடித்திருக்கும், இதற்கு வேறு இன்ஜின் எங்கேயும் கிடைக்காது, இன்னொரு தடவை சூடேறினால் நடுரோட்டில் இறுகி நின்றுவிடும் என்றார். இவரிடம் நேராகச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

இரண்டு நாள் இவர் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், "கடைசியா ஒரு பந்தயத்துக்குக் கொண்டு போயிரலாம் கண்ணு. அங்கிருந்தே எடுத்துட்டுப் போகட்டும்" என்றார். பழைய இரும்பு எடுக்கிறவரிடம் பேசி, பந்தயம் முடிந்த மறுநாள் காலை தளத்துக்கே லாரியை வரச் சொல்லிவிட்டார். விடியற்காலைக் குளிரில் நிறுத்தி நிறுத்திப் போய்ச் சேர்ந்தோம். அந்தப் பந்தயத்தில் யார் ஜெயித்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இவருக்கும் தெரிந்திருக்காது. இங்கிலாந்துக்காரர் புளிசாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை, லாரி வருவதற்குள் பஸ்ஸைக் காலி செய்யவேண்டும். ஆரஞ்சு உடுப்பைத் திருப்பிக் கொடுக்க இவர் ஆபீஸ் பக்கம் போனார். பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல்தான் போனார் என்பது எனக்குத் தெரியும். நான் பாத்திரங்களை எடுத்தேன். திரைச்சீலைகளைக் கழற்றி மடித்தேன். சாமி இருக்கிற வண்டியை இரும்புக்குப் போடக் கூடாது. அதனால் பிள்ளையாரைக் கத்தியால் நெம்பி எடுத்துத் துணிப்பைக்குள் வைத்தேன். வைக்கும்போது அழுகை வந்துவிட்டது. ஓட்டை வண்டி என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன், அந்த வண்டிக்காக அழுதேன்.

அப்போதுதான் திருஷ்டி மூட்டை ஞாபகம் வந்தது. அதுவும் பூஜையில் வைத்ததுதானே. முன்பக்கம் போய்க் கம்பிக் கதவைத் திறந்தேன். எலுமிச்சம்பழம் கறுத்துச் சுருங்கிப்போயிருந்தது. முடிச்சு அவிழவில்லை. கத்தியால் கயிற்றை அறுத்தேன்.

மூட்டை என் கையில் விழுந்தது. அந்தக் கம்பி 'டக்'கென்று மேலே ஏறியது. ரேடியேட்டருக்கு முன்னால் இரும்புச் சுவர்போல ஒட்டி மூடியிருந்த பட்டைகள் எல்லாம் ஒரே சமயத்தில் ஜன்னல் பட்டைகள்போலத் திரும்பித் திறந்துகொண்டன.

போகிற நேரத்தில் எதையோ உடைத்துவிட்டேன் என்று பதறி, "ஏனுங்க! இங்க வாங்க!" என்று கத்தினேன்.

ஓடிவந்தார். கம்பியை விரலால் கீழே அழுத்தினார். பட்டைகள் மூடின. விட்டார். திறந்தன. மறுபடி அழுத்தினார், விட்டார். பக்கத்திலிருந்த வெள்ளைப் பூவைத் தடவிப் பார்த்தார்.

"இது பூ இல்ல கண்ணு, பனி" என்றார். "பனி ஊர்ல இன்ஜின் வெறைச்சுப் போகாம இருக்க, காத்து வராம மூடிக்கிற கதவு. நான் தேங்காயைக் கட்டி அதை மூடி வெச்சிருக்கேன்."

பாலைவனத்தில் பஸ்ஸுக்குக் கம்பளி போர்த்தி ஓட்டியிருக்கிறோம். கண் பட்டுவிடக் கூடாது என்று நாங்கள் கட்டியதே அதன் மூச்சை அடைத்திருக்கிறது. ஆனால் சிரிப்பு வரவில்லை. இத்தனை நாள் சூட்டில் இன்ஜின் நிஜமாகவே போயிருந்தால்? அதை ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

தண்ணீர் ஊற்றிக் கிளப்பினார். காலியான வாகன நிறுத்துமிடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தோம். நான் அவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு முள்ளையே பார்த்தேன். ஏறியது. நடுவுக்கு வந்தது. இன்னொரு சுற்று, இன்னொரு சுற்று. முள் நடுவிலேயே நின்றது, அசையவில்லை. என் வாழ்நாளில் ஒரு முள்ளை அவ்வளவு அன்போடு நான் பார்த்ததில்லை. இவர் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, "முருகா" என்றார். நான் பக்கத்துச் சீட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

லாரி வந்தது. "கோன்சா காடி? யல்லா, ஜல்தி!" என்றார் டிரைவர். எந்த வண்டி, சீக்கிரம் காட்டுங்கள் என்கிறார்.

"மாஃபி காடி, பாய். மாஃபி" என்று, வண்டி இல்லவே இல்லை என்று, எங்களுக்குப் பின்னால் அவ்வளவு பெரிய பஸ்ஸை வைத்துக்கொண்டு இவர் கையை ஆட்டினார். டிரைவர் இவரையும் பஸ்ஸையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கள் பேச்சில் அவருக்குத் துளியும் நம்பிக்கை வரவில்லை. தானும் ஷார்ஜா பக்கம்தான் போகவேண்டும், எப்படியும் வழியில் நிற்பீர்கள் என்று சொல்லி எங்கள் பின்னாலேயே வந்தார். பிணவண்டி பின்தொடர்வதுபோல வழியெல்லாம் கண்ணாடியில் அந்த லாரி தெரிந்துகொண்டே இருந்தது. நாங்கள் நிற்கவில்லை. யார்டுக்குத் திரும்பும் முனையில் அவர் ஒரு முறை ஹாரன் அடித்துவிட்டு நேராகப் போனார்.

பக்கத்துப் பட்டறையிலிருந்து மெக்கானிக் ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். முன்பக்கத்தையும் ஒருமுறை பார்க்கலாம் என்று அந்தக் கதவைத் திறந்தாராம். சிவப்பு மூட்டையைப் பார்த்ததும் மூடிவிட்டாராம். "வோ ஆப் கா பூஜா கா சாமான் தா, பாபி" என்றார். அது உங்கள் பூஜைச் சாமான், நான் எப்படித் தொடுவது என்கிறார். இவர் அவர் தோளைக் கட்டிக்கொண்டார்.

நான் பஸ்ஸுக்குள் போய்த் துணிப்பையைத் திறந்தேன். பிள்ளையாரை எடுத்துத் துடைத்து, டிரைவர் சீட்டுக்கு முன்னால் அவர் இருந்த அதே இடத்தில் வைத்தேன். பழைய பசை இன்னும் காயவில்லை. லேசாக அழுத்தியதும் பிடித்துக்கொண்டது.