யாரும் மூழ்காத கடல்

போன வாரம் மகள் சுதாவுக்கு இருமல் மருந்து வாங்க மட்டாஞ்சேரி ஜூ டவுன் வழியாக நடந்துபோனேன். பழம்பொருள் கடை ஒன்றின் வாசலில், சரக்குப் படகான வள்ளம் ஒன்றின் மூக்கை மட்டும் அறுத்தெடுத்துச் செங்குத்தாக நிறுத்தியிருந்தார்கள். நடுவில் குறுக்குப் பலகைகள் அடித்து அதைப் புத்தக அலமாரி ஆக்கியிருந்தார்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி அதைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போனதும் மீனெண்ணெய் வாடை அடித்தது. பாலிஷ் எவ்வளவு போட்டாலும் அந்த வாடை போகாது. பலகை தண்ணீர் குடிக்காமல் இருக்க வருடாவருடம் தேய்த்த எண்ணெய் அது, மரத்தின் உள்ளே இறங்கியிருக்கும்.

எங்கள் அப்பாவின் சட்டையிலும் அதே வாடைதான். அப்பா சரக்கு வள்ளத்தில் வேலை பார்த்தார். ஆலப்புழைப் பக்கமிருந்து அரிசியும் கொப்பரையும் ஏற்றி மட்டாஞ்சேரிக் கிட்டங்கிகளுக்குக் கொண்டுவரும் வள்ளம். போனால் நாலு நாள், மழைக்காலத்தில் ஒரு வாரம். அவர் தண்ணீரில் இருக்கும் நாட்களில் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. சாவைப் பற்றிப் பேசக்கூடாது. எலி செத்தது என்றுகூடச் சொல்லக்கூடாது, எலி போய்விட்டது என்றுதான் சொல்ல வேண்டும். ''தண்ணியில கிடக்கிற மனுசனுக்கு வீட்டுல பேசுறது கேக்கும்டா'' என்பாள் அம்மா. எங்கள் வரிசை வீடுகளில் வள்ளத்துக்காரர் இருந்த எல்லா வீட்டிலும் இந்தச் சட்டம் இருந்தது. அப்பாவோடு வேலை பார்த்த பாப்பு மாமா ஒரு நாள் திரும்பி வரவில்லை. ''ஊருக்குப் போயிட்டாரு'' என்றார்கள். எந்த ஊர் என்று நான் பல வருடம் யோசித்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கு இருபத்து நாலு வயது. கொச்சங்காடியில் ஒரு சுக்குக் கிட்டங்கியில் சாக்குகளில் அச்சு வைக்கும் வேலை. தகரத்தில் வெட்டிய எழுத்துகளைச் சாக்கின்மேல் வைத்து, மையைத் தோய்த்துத் தேய்க்க வேண்டும். ஏடன், மார்செய், ஹாம்பர்க் என்று துறைமுகப் பெயர்களாகத் தேய்த்துக்கொண்டே இருப்பேன். நான் எர்ணாகுளம் ஜெட்டியைத் தாண்டிப் படகில் போனதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கடல் பயணம் போகாதவனுக்குத்தான் கடல் பைத்தியம் அதிகம் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

கிட்டங்கிக்குப் பின்னால் ஒரு வாசகசாலை இருந்தது. அங்கே ஒரு தட்டு முழுக்க வெளிநாட்டுச் சாகச நாவல்கள், மலையாள மொழிபெயர்ப்பில். அட்டை கிழிந்தவை, சிலவற்றுக்கு முதல் பத்துப் பக்கம் இருக்காது. பாய்மரக் கப்பல்கள், தீவுகள், ஓட்டைப் படகில் திமிங்கிலம் துரத்திப் போகிறவர்கள், ஆறு பிறக்கும் இடத்தைத் தேடிப் போய்ப் பாதிப்பேர் திரும்பாதவர்கள். என் கையிலிருந்த மை அந்தப் பக்கங்களில் எல்லாம் பதிந்தது. ''நீ படிச்ச புஸ்தகம் எதுன்னு நான் கேக்கவே வேண்டாம்'' என்று நூலகர் கடிந்துகொள்வார்.

எனக்குத் தமிழ் வீட்டுப் பேச்சு, மலையாளம் பள்ளிக்கூடத்து எழுத்து. அம்மாவுக்கு இரண்டு எழுத்துமே தெரியாது. அதனால் சாயங்காலம் நான் மலையாளத்தைப் பார்த்துத் தமிழில் வாசிப்பேன். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு கேட்பாள், பக்கத்து வீட்டுப் பெண்கள் கேட்பார்கள், ஔசேப்பு சேட்டன் கேட்பார். சேட்டன் படகுப் பட்டறையில் தச்சராக இருந்து ஓய்ந்தவர்.

சிக்கல் எங்கே என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். கடல் நாவலில் மூன்றாம் அத்தியாயத்திலிருந்து ஆட்கள் சாக ஆரம்பித்துவிடுவார்கள். அப்பாவோ தண்ணீரில். முதல் தடவை மாலுமி ஒருவனை அலை அடித்துப் போனதும் அம்மா கல் பொறுக்குவதை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். நான் பக்கத்தைத் திருப்பிக்கொண்டே, ''ஆனா ஒரு மரக்கட்டைய பிடிச்சுக் கரை ஏறிட்டான்'' என்றேன். அவள் கை மறுபடி அரிசிக்குள் போனது.

அன்றிலிருந்து என் கடலில் யாரும் சாகவில்லை. புயலில் சிதறியவர்கள் எல்லாம் மறுநாள் காலை ஏதோ ஒரு கரையில் துணி காயவைத்துக்கொண்டிருந்தார்கள். வில்லன்களை என்ன செய்வது என்று குழப்பமாக இருந்தது. கொல்ல முடியாது, விட்டுவிடவும் முடியாது. கடைசியில் அவர்கள் மனம் திருந்திச் சாயாக்கடை போட்டார்கள். ஒரு கட்டத்தில் உலகத்துத் துறைமுகங்கள் எல்லாவற்றிலும் பழைய கடற்கொள்ளைக்காரர்கள் சாயா ஆற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஔசேப்பு சேட்டன் அந்தப் புத்தகங்களை எனக்கு முன்பே படித்தவர். ஒற்றைக்கண் கொள்ளைக்காரன் ஒருவன் கடை போட்ட அன்று பொறுக்காமல் கேட்டுவிட்டார்.

''எடா, அந்த ஒற்றைக்கண்ணன் மரிச்சு போயதல்லே? ஞான் வாயிச்சதாணல்லோ!''

''சேட்டா, சாயா எடுக்கட்டுமா?'' என்றாள் அம்மா, கொஞ்சம் உரக்க.

''அவன்டெ கடையிலெ சாயா ஆணோ?'' என்றார் சேட்டன். வாசலே சிரித்தது. பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை. யார் எங்கே எப்படிச் செத்தார்கள் என்று அறிந்த ஒரே மனிதராக, மூக்குப்பொடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

சினிமாவும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சிக்குப் பழைய கறுப்பு வெள்ளை இங்கிலீஷ் படங்கள் போடுவார்கள். படத்தில் படகு உண்டா என்று போஸ்டரைப் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் எடுப்பேன். வெள்ளத்தில் தபால் படகை ஓட்டிப் போகும் ஒரு கிழட்டுக் கப்பித்தானின் படம் ஒன்று உண்டு. பேசுவது ஒரு வரி புரியாது. வீட்டுக்கு வந்து வசனத்தோடு கதை சொல்வேன். அந்தக் கிழவர் கடைசியில் படகோடு மூழ்கிப்போகிறார் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் அவர் தபால்களை ஒவ்வொரு வீடாகக் கொடுத்துவிட்டு, மோர் வாங்கிக் குடித்தார்.

சுதா பிறந்து அவளுக்குக் கதை கேட்கும் வயது வந்தபோது வள்ளங்கள் ஏறக்குறைய நின்றுபோயிருந்தன. சரக்கெல்லாம் லாரியில் வந்தது. அப்பா தண்ணீரில் சாகவில்லை. காய்ச்சலில், கட்டிலில், எங்கள் எல்லார் கண்ணெதிரிலும் போனார். அதோடு அந்தச் சட்டத்துக்கு வேலை முடிந்துவிட்டது. அம்மாவே சொன்னாள், ''இனி உள்ளதச் சொல்லுடா.'' நான் சொல்லவில்லை. என் கதைகள் எனக்குப் பழகிப்போயிருந்தன. குழந்தை முகத்தில் பயம் வருவதைப் பார்க்க எனக்கு மனசில்லை என்று அப்போது சொல்லிக்கொண்டேன். இப்போது யோசித்தால், அவள் சிரிப்பை வாங்க அதுதான் சுலபமான வழியாக இருந்தது.

பிறகு வீட்டுக்கு சி.டி. பிளேயர் வந்தது. பழைய படகுப் படங்களைத் தேடித் தேடி வாடகைக்கு எடுத்து வந்தேன். யாராவது மூழ்கப்போகும் இடம் வந்தால் ரிமோட்டை அழுத்தி ஓட்டிவிடுவேன். ''கீறல் விழுந்த சி.டி.ம்மா'' என்பேன். சுதா ஒரு தடவை கேட்டாள். ''ஏம்ப்பா, கப்பல் படமெல்லாம் கடைசிலயே கீறல் விழுது?'' நான் விழுந்து விழுந்து சிரித்தேன். என் மனைவி வசந்தா சிரிக்கவில்லை. ''அவ ஒண்ணும் கைக்குழந்தை இல்ல. படத்த ஒழுங்காப் பாக்க விடுங்க'' என்றாள்.

இந்த மழைக்காலத்தில், பள்ளிக்கூடம் விடுமுறை விட்ட ஒரு பகலில், சுதாவும் அவள் வகுப்புத் தோழி நிஸாவும் ஒரு பழைய கிட்டங்கியின் பின்படியில் கட்டியிருந்த சின்ன வஞ்சிப் படகை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு பேருக்கும் பதினைந்து வயது. கரையோரமாகவே ஒரு சுற்று, அவ்வளவுதான் நினைப்பு. நாலு நாள் பெய்த மழைத் தண்ணீரோடு, கடல் உள்வாங்கும் வேலியிறக்கமும் சேர்ந்து, காயல் கடலை நோக்கி ஓடிக்கொண்டிருந்த நேரம். எங்கள் அப்பா அந்தத் தண்ணீரை ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும், கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டிருப்பார். அந்தப் பார்வையை அவர் யாருக்கும் சொல்லித் தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை. தண்ணீரின் கெட்ட குணத்தைப் பேசாத வீடு அது.

துடுப்பு கை நழுவிப் போயிற்று. வஞ்சி அதன் போக்கில் போனது. அக்கரைக்கு வண்டி ஏற்றிப்போகும் ஜங்கார் படகு ஒன்று கூப்பிடு தூரத்தில், ஆட்களும் வண்டிகளுமாகக் கடந்து போயிருக்கிறது. நிஸா எழுந்து நின்று கத்தப் பார்த்தாள். என் மகள் அவளைப் பிடித்து உட்காரவைத்தாள். பயப்படாதே, எப்படியும் கரை ஏறிவிடுவோம் என்று சொல்லியிருக்கிறாள். அவள் அழுகையை நிறுத்தக் கதை சொல்ல ஆரம்பித்தாள். எந்தக் கதை என்று நான் கேட்கவில்லை. கேட்கத் துணிவில்லை.

காயல் கடலில் சேரும் அழிமுகத்தில் வஞ்சி கவிழ்ந்தது. கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்த மீன்பிடிப் படகுக்காரர்கள் இரண்டு பேரையும் தூக்கினார்கள். சுதா கவிழ்ந்த வஞ்சியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நிஸாவைத் தலைமுடியைப் பற்றித்தான் எடுத்தார்களாம். சுதா நாலு நாளில் வீட்டுக்கு வந்தாள். நிஸா பதினொரு நாள் தீவிர சிகிச்சையில் இருந்தாள். பிழைத்தாள்.

அந்தப் பதினொரு நாளும் காலையில் போய்த் தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். மூன்றாம் நாள் நிஸாவின் உம்மா எழுந்து என்னிடம் வந்தார். சத்தம் போடவில்லை.

''நிங்ஙள்டெ மோள் கத பறஞ்ஞு. என்டெ மோள் கேட்டோண்டு இருந்நு. ஒந்நு கூவியிருந்நெங்கிலோ?''

ஒரு கூப்பாடு போட்டிருந்தால் ஜங்காரில் யாராவது திரும்பிப் பார்த்திருப்பார்கள். நிஸா வீட்டார் இப்போது எங்களோடு பேசுவதில்லை. நான் அவர்களாக இருந்தாலும் பேசமாட்டேன்.

வசந்தா ஒரே ஒரு தடவைதான் கேட்டாள், ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்துகொண்டு. ''இத்தனை வருசத்துல ஒரே ஒருத்தனையாவது சாக விட்டிருக்கக் கூடாதா நீங்க?''

சுதா வீட்டுக்கு வந்தபின் அதிகம் பேசுவதில்லை. குளியலறையில் வாளி நிரம்பும் சத்தம் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுகிறாள். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டைப் பார்த்தபடியே சொன்னாள். ''எனக்குப் பயமே வரலப்பா. தண்ணி கழுத்து வரைக்கும் வந்தப்பவும் வரல. இப்பத்தான் வருது.'' நான் அவள் தலையைத் தொடப் போனேன். நகர்ந்துகொண்டாள்.

முந்தாநாள் அவளே வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

''அந்தக் கதைங்கள்ல நெசமா யாரெல்லாம் செத்தாங்க? சத்தியமா சொல்லணும்.''

சொல்லிவிடுவது என்றுதான் வாயைத் திறந்தேன். முதல் கப்பல், பாறையில் மோதியது. எத்தனை பேர்? ஒன்பதா, எல்லாருமா? அதிலிருந்த சமையல்காரன் தப்பினானா, அல்லது தப்பவைத்தது நானா? எவ்வளவு யோசித்தும் வெயிலில் காயும் துணிகளும் சாயாக்கடைகளும்தான் தெரிந்தன. இத்தனை வருடம் நான் சொன்னது புத்தகத்தில் இருந்ததை அழித்துவிட்டிருந்தது. எடுத்துப் பார்த்துச் சொல்லவும் வழியில்லை. வாசகசாலை இருந்த இடத்தில் செல்போன் கடை வந்துவிட்டது. புத்தகங்கள் எப்போதோ பழைய பேப்பர்காரனுக்குப் போயின. காலைக் காட்சி போட்ட தியேட்டர் கல்யாண மண்டபமாகிவிட்டது. ஔசேப்பு சேட்டனும் போய் நாலு வருடம் ஆகிறது.

''ஞாபகம் இல்லம்மா'' என்றேன்.

சுதா கேட்டாள்.

''அப்போ செத்துப்போனவங்கள யாருமே தேடலியா?''

எழுந்து உள்ளே போய்விட்டாள். சின்ன வயதில் ஒரு கதை முடிந்தால் அடுத்தது என்ன என்று என் மடியை விட்டு இறங்கமாட்டாள். அன்று கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டாள்.